நன்றியை வாயால் சொல்லிப் பழகுவது: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், கல்முனையானாலும் அக்கரைப்பற்றானாலும், உதவி செய்தவரை நம்மவர் லேசில் மறப்பதில்லை. மறக்கவில்லை என்பதை அவரிடம் சொல்வதுதான் இல்லை. அதை ஒரு பழக்கமாக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே உள்ளன.

நம்மிடம் நன்றி செய்கையில் தெரியும். அதை வாயால் வேறு சொல்லவேண்டுமா?

பக்கத்து வீட்டிலிருந்து கறி வந்த கோப்பையை வெறுமனே திருப்பி அனுப்பமாட்டோம். நாலு மாம்பழமாவது, ஒரு கை முருங்கைக்காயாவது அதில் போகும். நம் வீட்டுக் கூரை வேலைக்கு வந்தவரின் வீட்டுக்குக் கிணறு இறைக்கப் போவோம். இது நல்ல முறை, விடத் தேவையில்லை.

ஆனால் இந்த முறை சரிவராத இடங்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரித் தாதிக்கும், பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) அக்கரை சேர்க்கிறவருக்கும் நீங்கள் எதைத் திருப்பிக் கொடுப்பீர்கள்? ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் கோப்பை கைமாறுவதே இல்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறது: உதவி செய்துவிட்டுப் போனவர்கள், அதனால் என்ன ஆனது என்று கடைசிவரை அறியாதவர்கள். இந்த மூன்று வகையினருக்கும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பழந்தமிழில் ‘நன்றி’ என்றால் செய்யப்பட்ட நன்மைதான், அதற்குச் சொல்லும் பதில் வார்த்தை இல்லை. குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயரே செய்ந்நன்றி அறிதல், அதாவது செய்த நன்மையை அறிந்திருத்தல். இந்தப் பக்கம் முழுவதும் அந்த ‘அறிதல்’ பற்றியதுதான். ஒருவர் உங்களுக்கு என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியும் என்பதை அவருக்குத் தெரியவைக்கவேண்டும். ‘நன்றி’ என்ற சொல் அதில் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

அப்படியானால் சம்பலைத் தள்ளிவைத்ததற்கும் சொல்லவேண்டுமா?

வேண்டாம். 2018இல் எட்டு மொழிகளில் அன்றாட வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. கேட்டதை ஒருவர் எடுத்துக் கொடுத்தபோது நன்றி சொல்லப்பட்டது சராசரியாக 100இல் 5, 6 தடவைதான். ஆங்கிலம் பேசுபவர்கள்கூட 100இல் 15ஐ எட்டவில்லை. எக்குவடோரில் பேசப்படும் சாப்பலா என்ற மொழியில் நன்றி சொல்லத் தனிச் சொல்லே கிடையாது. ஆகவே தண்ணிச் செம்பைத் தந்த தங்கச்சிக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு இல்லை. வழமையைத் தாண்டி ஒருவர் நேரமோ காசோ தூக்கமோ செலவழித்தாரா என்று பாருங்கள். செலவழித்திருந்தால் சொல்லுங்கள்.

‘நன்றி’ என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது?

நெருங்கியவரிடம் அந்தச் சொல் ஒரு கதிரை தூரம் தள்ளி வைத்ததுபோல் இருக்கும், உண்மைதான். நம் வாயில் ஏற்கெனவே இருப்பவை போதும்: “பெரிய உபகாரம் செய்தீங்க”, “நீங்க வராட்டி நான் என்ன செய்திருப்பன்”, “இத நான் மறக்கமாட்டன்”, “நல்லா இருப்பீங்க”. வயதில் மூத்தவர் இளையவருக்குச் சொன்னால் “நல்லா இரு மகன்” என்பதிலேயே எல்லாம் அடக்கம். இளையவர் பெரியவரிடம் “நல்லா இருங்க” என்று வாழ்த்துவது அவ்வளவு பொருத்தம் இல்லை. அங்கே நடந்ததைச் சொன்னால் போதும். அலுவலகம், ஆசிரியர், முன்பின் தெரியாதவர் என்றால் ‘நன்றி’ சரியான சொல்தான், அங்கே கூச்சப்படவேண்டியதில்லை.

சரி, எதைச் சொல்வது?

நாலு துண்டு: ஆளைக் கூப்பிடும் முறை, அவர் செய்த காரியம், அதற்காக அவர் பட்ட பாடு, அதனால் உங்களுக்கு ஆனது. நாலையும் சேர்த்தாலும் 20 வினாடிதான் பிடிக்கும். இரவில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஓட்டோக்காரருக்கு:

“அண்ண, அண்டைக்கு ராவு மூண்டு மணிக்கு ஒரு கோல்லயே எழும்பி வந்தீங்க. மழைக்குள்ள ரோட்டும் தெரியல்ல. கொஞ்சம் பிந்தியிருந்தா கஷ்டம் எண்டு டொக்டர் சொன்னவர். அம்மா இப்ப எழும்பி நடக்கிறா.”

இதில் ‘நன்றி’ இல்லை. கடைசி வசனத்தைக் கேட்டபோது அவருடைய முகம் எப்படி மாறியது என்று பாருங்கள், அந்தச் சொல் தேவையா என்று தெரியும்.

நாலில் அதிகம் விடுபடுவது மூன்றாவது துண்டு. “எனக்குப் பெரிய உதவி, எனக்கு நிம்மதி, எனக்கு லாபம்” என்று ‘எனக்கு’ மட்டுமே நிறைந்துவிட்டால் கேட்பவர் பேச்சுக்கு வெளியே நின்றுவிடுவார். சாரா அல்கோ என்ற உளவியலாளரும் குழுவினரும் 2016இல் சோடிகளை வைத்துச் செய்த ஆய்விலும் இதே முடிவுதான். தனக்குக் கிடைத்ததைச் சொல்வதைவிட, உதவியவரின் குணத்தையும் செயலையும் எடுத்துச் சொன்னபோதுதான் கேட்டவர் மனம் கூடுதலாக நெருங்கியது.

“ஆனா” என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. “நல்லாச் செய்தீங்க, ஆனா அந்தப் பக்கம் கொஞ்சம் கோணல்” என்றால் கோணல்தான் நினைவில் நிற்கும். புதிய கேட்பும் கூடாது. “அண்டைக்குச் செய்தது பெரிய உதவி, நாளைக்கும் ஒருக்கா வாறீங்களா” என்பது வேலைக்குக் கூப்பிடுவது. அந்த வேலையைக் கேட்க இன்னொரு நாள் இருக்கிறது.

ஒரு கிழமைக்கு எத்தனை பேர்? எந்த நேரம்?

தொடக்கத்தில் கிழமைக்கு மூன்று பேர், மாதத்துக்கு ஒரு பெரிய நன்றி. அதற்கு மேல் வேண்டாம். தினமும் பத்துப் பேருக்கு என்று தொடங்குபவர்கள் இரண்டாம் கிழமையிலேயே வெறும் வார்த்தைக்கு இறங்கிவிடுகிறார்கள். சொன்யா லுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் ஆட்களிடம் அவரவருக்குக் கிடைத்த நன்மைகளை ஆறு கிழமை எழுதச் சொல்லிப் பார்த்தபோது, கிழமைக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அது எழுதுவது பற்றியது, நேரில் சொல்வது பற்றியது அல்ல. ஆனாலும் அளவு மிஞ்சினால் உப்புச் சப்பு இல்லாமல் போகும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

நேரத்தை மணிக்கூட்டில் வைக்காதீர்கள், ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தின் வாலில் கட்டிவிடுங்கள். விளக்கு வைத்த பிறகு, மஃரிப் தொழுகை முடிந்த பிறகு, இராச்சாப்பாட்டுக் கோப்பை கழுவி வைத்த பிறகு, இப்படி ஏதாவது ஒன்று. “நேரம் கிடைக்கும்போது” என்று வைத்தால் அது கிடைக்காது. ஞாயிறு பின்னேரம் கொப்பியைத் திறக்க 10 நிமிடம், மற்றபடி ஆளைக் காணும் இடத்திலேயே சொல்லிவிடுவது.

கொப்பி அவசியமா?

முதல் மூன்று மாதம் அவசியம். 40 பக்கக் கொப்பி ஒன்று, மூன்று நிரல்: யார், என்ன செய்தார், சொன்ன திகதி. மூன்றாவது நிரல் வெறுமையாக இருக்கும் வரிகள்தான் உங்கள் வேலை. என்ன செய்தார் என்ற இடத்தில் “உதவி” என்று எழுதினால் இரண்டு கிழமையில் உங்களுக்கே விளங்காது. “வெள்ளத்தில் எங்கட நெல்லு மூட்டை 6ஐத் தன்ட வீட்டு மேல் அறையில வச்சார்” என்று எழுதுங்கள்.

இந்தக் கொப்பி கலியாண வீட்டில் யார் எவ்வளவு போட்டார் என்று எழுதும் கொப்பியாக மாறக்கூடாது. பெறுமதிக்கு நிரல் போட்டவுடன் அது கடன் புத்தகம். பிறகு அதே கொப்பியைக் காட்டி, “நாங்க சொன்னம், அவங்க சொல்லல்ல” என்ற பேச்சு வரும். பெறுமதி வேண்டாம், மற்றவர் கண்ணில் படும் இடமும் வேண்டாம்.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்கிறார்களே?

அந்த 21 நாளுக்கு ஆய்வு ஆதாரம் இல்லை. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட முடிவின்படி ஒரு செயல் தன்னாலே வரும் நிலைக்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு இல்லை என்பதும் அதில் வந்தது. தைப்பொங்கலுக்குத் தொடங்கினால் சித்திரைப் புத்தாண்டுக்குள் ஓரளவு வாயில் வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்கமாக இருக்கிறது. அவர் என்ன நினைப்பார்?

அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இருவர் 2018இல் இதைத்தான் சோதித்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம், பெறுபவர் எப்படி உணர்வார் என்று முதலில் கேட்டார்கள். பிறகு பெற்றவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள், அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூடுதலாகவும், சந்தோசப்படுவார் என்று குறைவாகவும் கணித்திருந்தார்கள். எழுதியவர் வசனம் சரியா என்று கவலைப்பட்டார், பெற்றவர் அந்த நெருக்கத்தைத்தான் பார்த்தார்.

முகத்துக்கு நேரே வாய் வரவில்லை என்றால் வேறு திசை பார்க்கும் இடத்தில் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து, சேர்ந்து வலை ஒதுக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது. ஆண்களுக்கிடையில் இது நன்றாக வேலை செய்யும்.

வீட்டில் சொன்னால் “என்ன புதுசா?” என்கிறார்கள்.

கேட்பார்கள். நாற்பது வருடம் சமைத்துப் போட்டவரிடம் திடீரென்று “நன்றி அம்மா” என்றால், ஏதோ காசு கேட்கப் போகிறான் என்றுதான் நினைப்பா. ஒரே நாளில் பெரிதாகத் தொடங்கியதுதான் பிழை. முதல் இரண்டு கிழமை நன்றியே சொல்லாதீர்கள், கவனித்ததை மட்டும் சொல்லுங்கள். “இண்டைக்குக் கீரி மீன் சொதிக்குப் புளி கணக்கா இருக்கு.” “என்ட சேட்டு பொத்தான் தச்சு வச்சிருக்கீங்க.” அவ்வளவுதான். இது பழகியபிறகு பாட்டைச் சேருங்கள்: “காய்ச்சலோட எழும்பிச் சமைச்சீங்க.”

கணவன் மனைவிக்குள் கவனிக்கவேண்டிய ஒன்று: மற்றவர்கள் முன்னால் புகழ்ந்துவிட்டு, தனியே ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது நடிப்பாகத் தெரியும். முதலில் தனியே. மனைவியின் தாய் வீட்டிலேயே குடியிருக்கும் வழக்கம் நம் பகுதியில் அதிகம். அங்கே மருமகன் சொல்ல விட்டுப்போகும் ஆள் மாமிதான். எல்லாம் மனைவி வழியாகவே போய்வருவதால் மாமியின் வேலை கண்ணில் படுவதில்லை. கொப்பியில் மாமிக்கு ஒரு வரி எழுதிவையுங்கள்.

வயல் வேலைக்கு வருபவர்களுக்கு?

கூலிதான் முதல் நன்றி. கூலி பாக்கி இருக்கும்போது சொல்லும் இனிய வார்த்தை அவர்கள் காதில் தவணை கேட்பதாகவே விழும். கணக்கை முடித்து, எண்ணிக் கையில் கொடுத்து, அதன்பிறகு சொல்லுங்கள்.

மெஷின் வெட்டு வந்தபிறகு களவெட்டியில் (சூடடிக்கும் களத்தில்) எல்லாரும் கூடியிருந்து சாப்பிடும் நாள் குறைந்துவிட்டது. மெஷின் மணிக்கணக்கில் ஓடி அடுத்த வட்டைக்கு (வயல்வெளிக்கு) போய்விடும். அதனால் வயல் சொந்தக்காரரான போடியாருக்கும் வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரருக்கும் இடையில் முன்பு தானாக நடந்த பேச்சு இப்போது தேடிப்போய்ப் பேசவேண்டியதாகிவிட்டது. யானைக் காவலுக்கு இரவிரவாகப் பரணில் இருந்தவரை வெட்டு முடிந்த கிழமைக்குள் கண்டு, எந்த இரவு எந்தப் பக்கம் காத்தார் என்பதோடு சொல்லவேண்டும். புது அரிசியில் ஒரு பங்கு அனுப்புவது வழமை என்றால் அதை ஆள்வசம் விடாமல் நீங்களே கொண்டுபோங்கள். அனுப்பினால் சம்பளத்தின் மிச்சம். கொண்டுபோனால்தான் அவருக்கு அது வேறாகத் தெரியும்.

அயலில் முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் கலந்திருக்கிறோம். முறை வேறா?

சொல்வதன் உள்ளடக்கம் ஒன்றுதான், சுற்றியுள்ளவை மாறும்.

முஸ்லிம்கள் தங்களுக்குள் “ஜஸாக்கல்லாஹு கைரன்” என்பார்கள், இறைவன் உங்களுக்கு நற்கூலி தரட்டும் என்ற துஆ அது. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்ற நபிமொழியும் அவர்களிடையே நன்கு தெரிந்தது. தமிழர் ஒருவர் அந்த அரபு வாசகத்தைப் பாடமாக்கிச் சொல்லத் தேவையில்லை. “காக்கா, நீங்க செய்தத மறக்கமாட்டன்” என்று நம் பேச்சிலேயே சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் வாசலில் போய் நிற்கவேண்டாம். சமைத்த இறைச்சி கொண்டுபோகவேண்டாம், பழமோ மரமுந்திரிகைப் பருப்போ தயிர் முட்டியோ எந்த வீட்டுக்கும் ஒத்துவரும். நோன்பு காலத்தில் கொண்டுபோனால் நோன்பு திறக்க முன்னர் சேரும்படி பின்னேரம் கொடுங்கள்.

முஸ்லிம் அயலவர் இந்து வீட்டுக்குப் போகும்போது வெள்ளிக்கிழமையும் விரத நாளும் பார்ப்பது நல்லது. துடக்கு (தீட்டு) வீடாக இருந்தால் அது கழியும்வரை பொறுக்கவேண்டும். கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் வைகாசிக் கிழமையில் பல வீடுகளில் மச்சமே (மீன், இறைச்சி) ஏறாது.

சிங்களத்தில் “பொஹொம ஸ்துதியி”. வயதான சிங்களவரிடம் “பொஹொம பின்” என்றால், உங்களுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று பொருள். அது அவர்கள் காதுக்கு இன்னும் நெருக்கம். உச்சரிப்புப் பிழைத்தாலும் யாரும் குறை நினைப்பதில்லை.

செத்த வீட்டில் உதவியவர்களுக்கு எப்போது, எப்படி?

அன்றைக்கே அல்ல. செத்த வீட்டிலிருந்து போகிறவர் “போயிட்டு வாறன்” என்று சொல்லாத ஊரில், வாசலில் நின்று “வந்ததுக்கு நன்றி” என்பது ஒட்டாது. ஆனால் அந்த நாட்களில் எழுதி வைக்காவிட்டால் பாதி மறந்துபோகும். இரண்டாம் நாளே குடும்பத்தில் அதிகம் அழாத ஒருவரிடம் கொப்பியைக் கொடுங்கள். பெரும்பாலும் மூத்த மருமகன் அல்லது பெறாமகள் சரிவருவார்கள். பந்தல் போட்டவர், கதிரை கொண்டுவந்தவர், மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பிய வீடு, கிராம சேவகரிடம் ஓடியவர், இரவு கண்விழித்தவர்கள் எல்லாரையும் அவர் குறிப்பார்.

31ஆம் நாள் முடிந்தபிறகு பெயர்களைப் பிரித்து எடுங்கள். பிள்ளைகள் நாலு பேர், வீடுகள் 24 என்றால் ஆளுக்கு ஆறு. இரண்டு ஞாயிறில் முடிந்துவிடும். பத்திரிகையில் போடும் நன்றி நவிலலும், அச்சடித்த அட்டையும் எல்லாருக்கும் சொல்லி ஒருவருக்கும் சொல்லாதவை. போடுவதென்றால் போடுங்கள், ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று வீட்டுக்குப் போகாமல் இருக்காதீர்கள். முதலில் சாப்பாடு அனுப்பிய வீட்டுக்குப் போங்கள். ஆண்கள் செய்த வேலை எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும், குசினிக்குள் நடந்தது பட்டிருக்காது.

ஆஸ்பத்திரியிலும் அரச அலுவலகத்திலும் நல்லபடி நடத்தியவர்களுக்குப் பரிசு கொடுக்கலாமா?

அரச உத்தியோகத்தருக்கு அவர் செய்யும் கடமைக்காகக் காசோ பொருளோ கொடுத்தால் அது இலஞ்சக் குற்றச்சாட்டில் போய் முடியலாம். இப்போது நடைமுறையில் உள்ளது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். உங்கள் மனம் நல்லதாக இருந்தாலும் வாங்கிய அவரும் கொடுத்த நீங்களும் மாட்டிக்கொள்ளலாம். சாரி, சேட்டுத்துணி, பணக்கவர் எதுவும் வேண்டாம்.

கொடுக்கக்கூடியது கடிதம், அவருக்கு அது பொருளைவிடப் பயன். தலைமை அதிகாரிக்கு எழுதி, பிரதியை அவருக்கும் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். திகதி, வார்ட்டு இலக்கம் அல்லது பிரிவு, அவருடைய பெயரும் பதவியும், அவர் செய்த ஒரே ஒரு குறித்த காரியம், உங்கள் பெயர், கையொப்பம். “எல்லாத் தாதியரும் அன்பாக நடந்தார்கள்” என்று எழுதினால் யாருக்கும் சேராது. “வார்ட்டில் இரவுக் கடமையில் இருந்த மிஸ், தமிழ் வாசிக்கத் தெரியாத எங்கள் தகப்பனுக்கு எந்த மாத்திரை எப்போது என்று உறையில் சூரியனும் நிலாவும் கீறித் தந்தார்” என்று எழுதினால், அது அடுத்த வார்ட்டுக்கும் போய்ச்சேரக்கூடிய வேலைமுறை ஆகிவிடுகிறது. பெயர் தெரியாவிட்டால் கடமை நேரத்தையும் திகதியையும் எழுதுங்கள், கடமைப் பட்டியலில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

துப்புரவு வேலை செய்பவர்களையும் காவலாளியையும் இந்தக் கடிதத்தில் யாரும் எழுதுவதில்லை. எழுதலாம்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புபவர்களுக்கு?

அவர்களுக்குக் காசு எங்கே போனது என்று காட்டுவதுதான் நன்றி. “காசு கிடைச்சது மாமா, நன்றி” என்பது பற்றுச்சீட்டு. கூரை ஓடு மாற்றியதென்றால் மாற்ற முன்னும் பின்னும் ஒவ்வொரு படம், தம்பியின் வகுப்புக் கட்டணம் என்றால் அவனே பேசிய 30 வினாடிக் குரல் பதிவு. அடுத்த தேவையைச் சொல்லும் அழைப்பும் நன்றி சொல்லும் அழைப்பும் ஒரே நாளில் வேண்டாம், நடுவில் ஒரு கிழமையாவது விடுங்கள். இல்லாவிட்டால் ஊர் நம்பரைக் கண்டாலே தேவைப் பட்டியல் வருகிறது என்று அவர்கள் நினைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நேரம் பாருங்கள். கட்டார், குவைத், சவூதி நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். லண்டன் மாரியில் ஐந்தரை, கோடையில் நாலரை. ரொறன்ரோ மாரியில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. நம் இராச்சாப்பாட்டு நேரம் ரொறன்ரோவில் காலை நேரம்.

வீட்டு வேலைக்குப் போன தாய்மாருக்குக் கைத்தொலைபேசி எப்போதும் கையில் இருப்பதில்லை. குரல் பதிவை அனுப்பி வைத்தால் வேலை முடிந்து படுக்கும்போது கேட்பார்கள், திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பிள்ளை “உம்மா, நீங்க அனுப்பின காசில வாங்கின சப்பாத்த போட்டுத்தான் ஓட்டப் போட்டிக்குப் போனன்” என்று பேசட்டும். பக்கத்தில் நின்று பெரியவர் சொல்லிக்கொடுக்கும் குரல் பதிவில் கேட்கக்கூடாது.

சுனாமி நாளில் காப்பாற்றியவருக்கு இன்றுவரை சொல்லவில்லை. இனிச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் இதைச் சற்றுப் பக்குவமாகச் செய்யவேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையிலேயே கூடுதல் உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில். மட்டக்களப்புக் கரையிலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். உங்களைத் தூக்கிக் கரைசேர்த்த அதே கை, தன் பிள்ளையைத் தவறவிட்ட கையாகவும் இருக்கலாம். ஆகவே திடீரென்று வாசலில் போய் நிற்காதீர்கள். இருவருக்கும் தெரிந்த ஒருவரிடம் முதலில் கேளுங்கள்: அவர் வீட்டில் யார் யார் போனார்கள், அந்த நாளைப் பற்றிப் பேச விரும்புகிறவரா. பிறகு அனுமதி கேட்டுப் போங்கள். டிசம்பர் 26ஐ அண்டிய நாட்கள் வேண்டாம், அன்று அவருக்கு அவருடைய துக்கம்.

போனால் காட்சியை விவரிக்காதீர்கள். அலை, சத்தம், யார் மிதந்தார் என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். “அண்டைக்கு நீங்க என்ன மதில்ல ஏத்தி விட்டீங்க. மறுகா நான் படிச்சு, கலியாணம் முடிச்சு, இவள்தான் என்ட மகள்” என்று அதற்குப் பின் நடந்ததைச் சொல்லுங்கள். அவர் அழுதால் பேச்சை நிறுத்திப் பக்கத்தில் இருங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், சொல்லவேண்டியது சேர்ந்துவிட்டது.

1978 நவம்பர் சூறாவளியிலும், சண்டைக் காலத்திலும் அடைக்கலம் தந்த வீடுகளுக்கும் இதே முறை. சண்டைக் காலம் என்றால் இன்னொன்று: யார் யாரை மறைத்து வைத்தார் என்பதை நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். அவர் அதை இன்றைக்கும் வெளியில் சொல்லாமல் இருக்கக்கூடும்.

முகநூலிலோ வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போடலாமா?

கடன், நோய், குடும்பச் சண்டை, பிள்ளையின் பிரச்சினை சம்பந்தப்பட்ட உதவி என்றால் ஒருபோதும் வேண்டாம். மற்றவை நேரில் சொன்னபிறகு, அவர் சம்மதத்தோடு. குழுவில் எல்லாருக்குமாகப் பூப்படம் அனுப்பிவிடுவது கணக்கில் சேராது.

பிள்ளைகளை எப்படிப் பழக்குவது?

“மாமாவுக்கு நன்றி சொல்லு, சொல்லு, ஏன் வாய் இல்லையா” என்று முதுகில் தட்டுவதால் பிள்ளை கற்பது தலை குனிவதைத்தான். வீட்டுக்கு வந்தபிறகு கேளுங்கள்: “இந்தச் சைக்கிள் செயினை மாமா எப்படிச் சரிப்பண்ணினவர்?” பிள்ளை விவரித்து முடிந்ததும், “அதையே அவருக்குச் சொல்லுவமா?” என்று கோல் எடுத்துக் கொடுங்கள். ஏழெட்டு வயதுக்குள் வசனம் தன்னாலே வரும்.

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்தில் எல்லா ரீச்சருக்கும் பூவும் பேனையும் குவியும். அதைவிட, சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில் மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்கிய ரீச்சரைத் தேடிப்போவது எவ்வளவோ மேல். கடைசி வருடம் படிப்பித்தவருக்குத்தான் எல்லாரும் போவார்கள்.

உதவி செய்துவிட்டுக் காலமெல்லாம் குத்திக்காட்டுகிறவருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டுமா?

ஒரு தடவை, முழுமையாக, நாலு துண்டும் சேர்த்து. அதோடு முடிந்தது. “நான்தானே உன்னைப் படிப்பிச்சன்” என்று காணி எழுதவும் கலியாணம் பேசவும் உங்கள் வாயை அடைக்கவும் அந்த உதவியைப் பாவிக்கிறார் என்றால் அது வேறு விசயம். “நீங்க படிப்பிச்சத மறக்கல்ல மாமா. இந்தக் கலியாண முடிவு என்ட முடிவு” என்று இரண்டையும் இரண்டு வசனமாகப் பிரித்துச் சொல்லலாம். அடிக்கிறவரிடமும் அவமதிக்கிறவரிடமும் நன்றிக் கடன் என்று எதுவும் இல்லை.

சொல்லவேண்டியவர் இறந்துவிட்டால்?

அவருடைய பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தகப்பன் செய்த பல காரியம் வீட்டுக்குத் தெரியாமலே இருந்திருக்கும்.

யாராவது நமக்குச் சொன்னால்?

“அதுக்கென்ன”, “இதெல்லாம் ஒரு உதவியா” என்று பாதியில் வெட்டுவது நம் வழமை. அடக்கம்தான், ஆனால் சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டு போய்விடுவார். முடிக்கும்வரை கேளுங்கள். “சொன்னது சந்தோசம்” என்று ஒரு வசனம். பிறகு தேத்தண்ணி.

சொன்னேன், பதிலே இல்லை. வட்ஸ்அப்பில் இரண்டு நீலக்கோடு மட்டும் விழுந்தது.

திரும்ப அனுப்பாதீர்கள், “கிடைத்ததா” என்றும் கேட்காதீர்கள். கொப்பியில் திகதியைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

இரண்டு மாதம் செய்து விட்டுப்போச்சு. திரும்ப எங்கே தொடங்குவது?

கொப்பியில் மூன்றாவது நிரல் வெறுமையாக இருக்கும் வரிகளில் மிகப் பழையதை எடுங்கள். அந்த ஆள் இருக்கும் ஊருக்கு அடுத்து எப்போது போகிறீர்கள் என்று பார்த்து, பக்கத்தில் அந்தத் திகதியைப் பென்சிலால் எழுதுங்கள். குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூருக்குப் போவதென்றால், பாதைக்காரருக்கும் கொப்பியில் ஒரு வரி இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.